கதிரையில் உட்கார்ந்தவர்

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சின்னப் பிள்ளைகளின் சட்டைகளைக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நெஞ்சில் ஒரு முத்திரை, முதுகில் தொங்க ஒரு துண்டுத் துணி. போன வாரம் மழைக்கு அந்தக் கடையோரம் ஒதுங்கினேன். "சூப்பர் ஹீரோ சட்டைம்மா, பேரப்புள்ளைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றான் கடைக்காரப் பையன். எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்வரை அதே நினைப்பாக இருந்தது. நம் காலத்தில் இப்படி ஒரு சட்டை தைத்து விற்றிருந்தால், நான் கேட்டு அழுதிருக்கக்கூடிய சட்டை வேறு. கை தொளதொளத்த ஒரு பனியன், முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு அழுக்குத் துண்டு. அவ்வளவுதான் அவருடைய உடுப்பு.

என் வயதுக்காரர்கள் சிரிக்கவேண்டாம். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். நான் சொல்லிவிட்டேன், நீங்கள் சொல்லவில்லை.

அவர் ஒரு படத்தில் வந்தார். கதாநாயகன் அல்ல, மிராசுதார் வீட்டு வேலைக்காரன். சிரிப்புக்காகப் போட்ட ஆள். இந்தியாவில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவரை அன்றே மறந்திருப்பார்கள். நாங்கள் அக்கரப்பத்தனைக்கு மேலே, மேகம் லயத்து வரிசை வீடுகளின் வாசல்வரை வந்து நிற்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்களுக்கு எதை மறப்பது, எதை வைத்துக்கொள்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை.

மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் வாலிபர்கள் சேர்ந்து டவுனிலிருந்து ஒரு டீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். டெக் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோயில் முன்னால் வைத்துக் காட்டுவதாக இருந்தது. மழை விடவில்லை. அதனால் பிள்ளைக் காம்பராவுக்குள் கொண்டுபோனார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் மண்டபம் அது. தொட்டில் சேலைகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். நனைந்த கம்பளியின் வாடை, திரிந்த பால் வாடை, வெளியே ஓடும் ஜெனரேட்டரின் எண்ணெய் வாடை, இத்தனைக்கும் நடுவில் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். டெக்கோடு வந்த ஆளுக்கு ரொம்பத் தோரணை. வீடியோ கேசட்டை எடுத்து ஒருமுறை ஊதி, எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார்.

முதலில் சாமி படம். எல்லோரும் கும்பிட்டார்கள். இரண்டாவதாக இந்தப் படம்.

கதாநாயகன் பத்துப் பேரைச் சுழற்றிச் சுழற்றி அடித்தான். அது எங்களை அவ்வளவாக அசைக்கவில்லை. அடிதடி நாங்கள் பார்க்காததா? சம்பள நாளில் லயத்துக்குப் பின்னால் போனால் அதைவிட நன்றாகவே பார்க்கலாம். வேறொரு காட்சி வந்தது. மிராசுதார் வெளியே போயிருக்கிறார். வேலைக்காரன் கூடம் கூட்டுகிறான். கூட்டிக்கொண்டே வந்து மிராசுதாரின் சாய்வு நாற்காலியைப் பார்க்கிறான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்து நன்றாகச் சாய்கிறான். மிராசுதாருக்கு வைத்திருந்த காப்பியை எடுத்து உறிஞ்சுகிறான். அந்த நேரம் மிராசுதார் உள்ளே வருகிறார். வேலைக்காரன் எழும்பவில்லை. "வாங்க, வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, அப்பிடி ஒக்காருங்க" என்று தரையைக் காட்டுகிறான்.

பெரியவர்கள் சிரித்தார்கள் பாருங்கள், காம்பரா தகரம் அதிர்ந்தது. பிள்ளைக் காம்பரா ஆயா சிரித்ததில் வாயிலிருந்த வெற்றிலை முன்னாலிருந்தவர் முதுகில் தெறித்தது. பிள்ளைகள் நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. இனி இவரை என்ன செய்யப்போகிறார்களோ என்று பக்கத்திலிருந்த பெரியப்பா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் செய்யவில்லை. படம் பாட்டுக்கு ஓடியது. அடுத்த காட்சியிலும் அந்த மனிதர் வந்தார், கை கால் எல்லாம் சரியாக இருந்தது.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியாருக்கு விளங்காது. தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் சத்தம் வளைவில் கேட்டதும் பாதையில் போகிற எல்லோரும் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்கவேண்டும். பெரியப்பா கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிவிடுவார். அப்பா தலையில் போட்டிருக்கும் கம்பளியை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு நனைவார். ஜீப் போனபிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்கள். திரும்பி வந்தாலும் வரும் என்று ஒரு பயம். தோட்டத்து ஆபீஸில் துரை உள்ளே இருப்பார், சனங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசவேண்டும். பள்ளிக்கூடத்து மாஸ்டர்கூட அந்த வாசலில் நின்றுகொண்டுதான் பேசுவார். துரைக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு தமிழ் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை, அப்படி ஒருவர் இருந்ததாகக் கேட்டதும் இல்லை. அப்படியிருக்க, தரையைக் காட்டி 'ஒக்காருங்க' என்ற மனிதர் பறக்கவேண்டுமா, மலையைத் தூக்கவேண்டுமா? எங்களுக்கு அதுவே போதும்.

அதற்கடுத்த நாட்களில் எங்களுக்கு வேறு விளையாட்டே இல்லை. உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்று எங்கள் லயத்துக் கோடியில் கிடந்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. இப்போது எல்லாம் காகிதச் சாக்கு, அந்தப் பெட்டியைக் கண்ணால் காணமுடியாது. அதைக் கவிழ்த்து வைத்தால் அது நாற்காலி. ஒருவர் உட்காரவேண்டும். இன்னொருவர் துரையாகி, கையில் கம்போடு அந்தக் கோடியிலிருந்து வருவார். கிட்ட வரும்வரை எழும்பாமல் இருந்தால் ஜெயிப்பு.

ஒருவரும் ஜெயிக்கவில்லை. எங்களில் தைரியசாலியான பெரியப்பா மகன், பேய்க்குப் பயப்படாதவன், அவனும் எழும்பிவிட்டான். வருவது பக்கத்துக் காம்பராக்காரி மகள், மூக்கு ஒழுகிக்கொண்டு, அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு. அதுவும் தெரியும், விளையாட்டு என்றும் தெரியும். ஆனாலும் அவள் "ஏய்" என்றதும் கால் தானாக எழும்பும். நான் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். என் கால் மேல் எனக்கே கோபம் வந்தது. ஆகவே, அந்தப் படத்து மனிதருக்கு ஏதோ சக்தி இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். சாதாரண ஆளுக்கு அது முடியாது என்பதற்கு நாங்களே சாட்சி.

அந்த நாட்களில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது.

தோட்டத்து மருந்தில் இறங்கவில்லை. கண் செருகியதும் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வேலைக்கு வரவில்லை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிடும்படி பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள். அவள் மறந்தாளா, சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையா, இன்றுவரை தெரியாது. தம்பி பிழைத்து, அம்மா அவனோடு திரும்பி வந்தபோது செக்ரோலில், வேலையாட்களின் பேர்ப் பதிவில், அவள் பேரை வெட்டியிருந்தார்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து கணக்கப்பிள்ளை கேட்டார். "யாரக் கேட்டுப் போன?"

அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "புள்ள கண்ணு செருகிக் கெடக்கையில ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டுட்டா போவாங்க? ஒங்க புள்ளையா இருந்தா கேப்பீங்களா?" என்றாள். அத்தனை பெண்களுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அது துரையின் காதுக்கு வேறு விதமாகப் போனது. அந்தப் பொம்பளை இனி ஆபீஸ் பக்கமே வரக்கூடாது என்று பெரிய கிளாக்கர் சொல்லியனுப்பினார். மாதக் கடைசிக்குள் லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவையும் விட்டுவிட வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

அப்பா டயகம பக்கத்திலிருந்து வந்து அம்மாவைக் கட்டியவர். எங்கள் தோட்டத்தில் அவருக்குப் பேர் கிடையாது. காடு வெட்டுவது, கான் வெட்டுவது என்று கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலைதான். காம்பரா அம்மா பேரில் இருந்தது. அம்மா பேர் போனால் எங்களுக்குக் கூரை இல்லை. எனக்கே அது விளங்கியது. அடுப்படியில் பானை சட்டியை எல்லாம் பார்த்துக்கொண்டு, இவற்றை யார் தூக்கிப் போவார்கள், எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அப்பாதான் போகவேண்டும். அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். யாராவது ஒன்று கேட்டால் பதில் சொல்வதற்குள் கேட்டவர் நாலு எட்டு போய்விடுவார். அவர் வேடிக்கை பேசி யாரும் சிரித்ததில்லை. பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த அன்றும், சுவரோரம் நின்று கைகட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாயத் தொறந்து பேசணும்" என்றாள் அம்மா. "வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நின்னுட்டு வராதீங்க. புள்ளைக்குக் காச்சலு, அதுனாலதான் போனா, இனிமே இப்பிடி நடக்காது, அம்புட்டுத்தான். சொல்லுவீங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நீயும் கூடப் போ. அப்பா பேசுறாரான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அப்படித்தான் நான் அங்கே இருந்தேன்.

அன்று நல்ல மழை, கூடவே காற்று. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். சாரல் உள்ளே அடித்து மேசைமேல் இருந்தவை நனைய, பெரிய கிளாக்கர் எழுந்து வந்து கண்ணாடி ஜன்னலை அடைத்துவிட்டார். ஒவ்வொருவராகக் கதவு வழியே உள்ளே வரும்படி தப்பால்காரரிடம் சொன்னார். தப்பால்காரர் என்றால் தோட்டத்துக் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு போய்வருபவர், மற்ற நேரம் ஆபீஸ் வாசலில் நிற்பார். அப்பாவின் முறை வந்தபோது கம்பளியைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கால் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போனார். நான் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். என் மூச்சு படிந்து படிந்து மறைக்க, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை.

துரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பக்கத்து மேசையில் பெரிய கிளாக்கர். துரைக்கு எதிரே ஒரு கதிரை இருந்தது, கைபிடி வைத்தது, மெத்தை போட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், பொலிஸ் பெரியவர்கள் வந்தால் உட்காருவது. அப்பா அதற்குப் பின்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வாய் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போது அப்பா கதிரையைச் சுற்றி முன்னால் வந்து அதில் உட்கார்ந்தார்.

முதலில் விளிம்பில். பிறகு பின்னால் நகர்ந்து சாய்ந்தார். இரண்டு கையையும் கைபிடியில் வைத்தார். கிளாக்கரின் வாய் திறந்தது. துரை நிமிர்ந்து பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார்.

பிறகு அப்பா துள்ளி எழுந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கதிரை நனைந்து சேறாகியிருந்தது. தன் கம்பளியால் துடைத்தார். கம்பளி அதைவிட ஈரம், இன்னும் சேறானது. சட்டையை இழுத்து அதால் துடைத்தார். கதிரை பின்னால் சரிந்து விழப்போக, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் சேர்ந்து தடுமாறினார். கிளாக்கர் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். கதிரையை நேராக நிமிர்த்தி வைத்து, அதற்கு முன்னால் குனிந்து, கதிரையைக் கும்பிட்டார். அவ்வளவுதான், துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கையை வீசி ஏதோ சொன்னார். அப்பா பின்பக்கமாகவே நடந்து கதவுக்கு வந்தார்.

என்ன சொன்னார் என்பதைத் தப்பால்காரர்தான் வெளியே நின்றவர்களுக்குச் சொன்னார். "'போ, போ, பொம்பளைய நாளைக்கு பெரட்டுக்கு அனுப்பு'ன்னுட்டாரு." பெரட்டு என்றால் காலையில் எல்லோரும் கூடி வேலை பிரிக்கும் இடம். அங்கே வரச்சொன்னால் பேர் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. என் அப்பா துரைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, சாய்ந்து, எழுந்து, அம்மா பேரையும் வாங்கிக்கொண்டு உயிரோடு வெளியே வந்திருக்கிறார். படத்தில் வந்தவர்கூடக் காப்பிதான் குடித்தார், வேறு ஒன்றும் வாங்கிக்கொண்டு வரவில்லை.

வழியில் அப்பா முன்னால் நடந்தார். தண்ணீர் விழும் பீலிக்குக் கிட்ட வந்ததும் நின்றார்.

"அம்மாகிட்ட, பேரு கெடச்சிருச்சுன்னு மட்டும் சொல்லு."

"ஏம்பா?"

"அது போதும்."

சக்தி உள்ளவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று நானாக விளங்கிக்கொண்டேன். ஆனால் தப்பால்காரர் குறுக்குப் பாதையால் எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து, நடந்ததை நடித்தும் காட்டிவிட்டார். நாங்கள் வரும்போது வாசலெல்லாம் சிரிப்பு. அம்மா மட்டும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா பேசினாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"பேசல. ஒக்காந்தாரு" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "தலை சுத்திருச்சு" என்றார் அப்பா. "காலையில ஒண்ணும் சாப்பிடல பாரு."

"தலை சுத்துனா கதிரையப் போயி கும்பிடுவாங்களா? எனக்காகப் போயி கோமாளி வேஷம் கட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவள் குரல் உடைந்தது. சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விடியலில் கூடையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்குப் போனாள். காம்பரா எங்களுக்கு நின்றது.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் 'கதிரை' என்று பேர். "கதிரை வர்றாரு, வழிவிடுங்க" என்பார்கள். தேத்தண்ணிக் கடையில் எவனாவது கல்லைத் துடைத்துவிட்டு, "தொரை ஒக்காரட்டும்" என்பான். அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அதெல்லாம் மரியாதையாகப் பட்டது. மலையில் ஒருத்தி அம்மாவிடம், "ஒம் புருசன் ஆடி வாங்கிக் குடுத்த பேருதானே" என்றிருக்கிறாள். அம்மா பறித்த கொழுந்தை அப்படியே கூடையோடு அவள் தலையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்று அம்மாவுக்கு அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். அதற்கும் அவள் கவலைப்படவில்லை.

பிள்ளைகளின் கட்சி வேறு. அப்பா பீலியில் குளிக்கும்போது எங்கள் கூட்டம் போய் நின்று அவர் முதுகையும் புஜத்தையும் உற்றுப் பார்த்தது. அசாதாரணமாக ஒன்றும் தென்படவில்லை. விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. பெரியப்பா மகன் யோசித்துச் சொன்னான்: படத்துக்காரர் திருச்சிப் பக்கம் என்று டெக் ஆள் சொன்னானே, உங்கள் அப்பாவின் தாத்தாவும் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்தானே, அப்படியானால் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதன்பிறகு தேயிலைப் பெட்டியில் நான் உட்கார்ந்தால் ஒருவராலும் என்னை எழுப்ப முடியவில்லை. பெரியப்பா மகன் கம்பால் ஒரு தட்டு தட்டினான், அப்போதும் எழும்பவில்லை. எனக்கு அந்த ரத்தம் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். நம்பினால் கால் சும்மா இருக்கிறது.

வளர்ந்தால் எல்லாம் கெட்டுப்போகும். நான் படித்தேன், ஆசிரியை ஆனேன், ஹட்டனுக்கு வந்தேன். உலகம் தெரிந்தது. தெரிந்ததும் அன்றைக்கு நடந்தது வேறு மாதிரித் தெரிந்தது. பசியில் தலை சுற்றி விழுந்த ஒரு ஏழை, கூரைக்காக ஒரு கதிரையைக் கும்பிட்டிருக்கிறான். பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மகள் ஜன்னலில் நின்று கைதட்டாத குறை. என் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பற்றி எத்தனையோ சொன்னேன், இதைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. அவருக்கு வெட்கமாக இருக்குமே என்பது மற்றப் பாதி.

ஒருநாள் என்னோடு வேலைசெய்த ஆசிரியை ஒருவர் கைபேசியில் பழைய படத்து நகைச்சுவைத் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியும் வந்தது. வேலைக்காரன் உட்காருகிறான், சாய்கிறான், தரையைக் காட்டுகிறான். உடனே மிராசுதார் அவன் கன்னத்தில் பளார் பளார் என்று அறைகிறார். அவன் காலில் விழுந்து புரள்கிறான். பெரியவர்கள் அன்று சிரித்தது இதற்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. இதுவும் அன்று அந்த டீவியில் ஓடியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அம்மா முதலில் போனாள். அப்பா அதன்பிறகு பல வருடம் இருந்தார். கடைசி மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் டொக்டர் வந்தார், சின்னப் பெண், சிங்களவர். நல்ல பொறுமையாகக் கேட்டார். இதற்கு முன்னால் எப்போதாவது தலை சுற்றி விழுந்திருக்கிறாரா? நான் யோசித்துச் சிங்களத்தில் சொன்னேன்: ஒருமுறை, ரொம்பக் காலத்துக்கு முன்னால், தோட்டத்து ஆபீஸில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. டொக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"டொக்டருகிட்ட ஏன் பொய் சொன்ன?"

"என்ன பொய்?"

"ஆபீஸ்ல எனக்குத் தலையும் சுத்தல, ஒண்ணும் சுத்தல."

கட்டிலுக்குக் கட்டில் பார்க்க வந்தவர்களின் இரைச்சல். அப்பா அதற்குள் பேசிக்கொண்டு போனார், அவர் வழக்கம்போல, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு.

"நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். தலையத் தூக்கிப் பாக்கல அந்தாளு. ஒங்கம்மா சொல்லிக் குடுத்ததெல்லாம் தொண்டையில இருக்கு. அந்தக் கதிரை சும்மாத்தானே கெடக்குன்னு தோணுச்சு. ஒக்காந்தேன்."

"வேணும்னா?"

"பின்ன? ஒக்காந்து பாக்கணும்னுதான் ஒக்காந்தேன். அந்தாளு நிமிந்து பாத்தான். அப்பறந்தான் ஒங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் வந்துச்சு. எங்கயாச்சும் தப்பிக்கணுமே. தலை சுத்துதுன்னேன். மத்ததெல்லாம் அதுக்கப்பறம் ஆடுனதுதான்."

"அம்மாகிட்டச் சொல்லலையா?"

"சொன்னேன். நம்பல. 'வாயத் தொறக்காத மனுசன், தொரைக்கு முன்னாடி ஒக்காந்தீங்களாக்கும்'னு சிரிச்சா. சாகுற வரைக்கும் நம்பல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ ஜன்னல்ல நின்னயில்ல?"

"நின்னேம்பா."

"எம்புட்டு நேரம் ஒக்காந்திருந்தேன்? எனக்குத் தெரியல. எந்திரிச்சதுதான் ஞாபகம் இருக்கு."

எவ்வளவு நேரம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியில் என் மூச்சைத் துடைத்தேன், மறுபடியும் படிந்தது, மறுபடியும் துடைத்தேன், அப்போதும் அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அதை அப்படியே சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

"சாஞ்சேனா?"

"சாஞ்சீங்கப்பா. கைய ரெண்டையும் கைபுடியில வச்சிக்கிட்டு, நல்லா சாஞ்சீங்க. அவரு மூஞ்சியப் பாத்தீங்க."

"பாத்தேன்ல?" என்றார் அப்பா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன். டொக்டர் வார்டின் மறு கோடியில் இருந்தார். போய், மன்னிக்கவேண்டும், நான் தவறாகச் சொல்லிவிட்டேன், என் அப்பாவுக்கு இதற்கு முன்னால் ஒருமுறைகூடத் தலை சுற்றியதில்லை என்று திருத்தி எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.